சவாரி முடிந்த பின் இருபது நிமிடம்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் மலை சைக்கிள் பராமரிப்பு பற்றி நான் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காகக் கேள்வி பதிலுடன் இங்கே தரப்படுகிறது.)



நான் மெக்கானிக் அல்ல. வணிகவியல் படித்து, வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு மருத்துவர் நடக்கச் சொன்னார்; நடப்பது அலுத்துப்போய் சைக்கிளுக்கு வந்தேன். நம் குடியிருப்பிலிருந்து ஞாயிறு காலையில் மருதமலை அடிவாரம், ஆனைகட்டி சாலை என்று கிளம்பும் குழுவில் வயதில் மூத்தவன் நான்தான். அந்தத் தகுதியில்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நம் இரண்டு பிளாக்குகளின் வாகன நிறுத்துமிடத்தையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கியர் வைத்த மலை சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாங்கியவை, ஊரடங்குக் காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியவை என்று பல விதம். அவற்றில் எத்தனை ஓடும் நிலையில் இருக்கின்றன? செயின் துருப்பிடித்து ஒரே கம்பியாக இறுகியவை சில. பிரேக்கை அழுத்தினால் பிடி ஹேண்டில்பாரைத் தொடுகிறவை சில. ஓட்டி ஓட்டித் தேய்ந்து போனவை மிகக் குறைவு. ஓட்டிவிட்டு வந்து அப்படியே நிறுத்தியதால் கெட்டவைதான் அதிகம்.

அன்றைய கணக்கை அன்றே

வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு விதி தெரியும். மாலையில் கையிருப்பும் பதிவேடும் ஒத்துப்போகாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பத்து ரூபாய் வித்தியாசம் என்றாலும் உட்கார்ந்து தேட வேண்டும். அன்றைக்கே தேடினால் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். மூன்று நாள் கழித்துத் தேடினால் மூன்று நாள் சீட்டுகளையும் புரட்ட வேண்டும்.

சைக்கிளும் அப்படித்தான். சவாரி முடிந்த அன்றே துடைத்தால் சேறு ஈரத் துணிக்கு வந்துவிடும். ஒரு வாரம் விட்டால் சுரண்ட வேண்டும். ஒரு மாதம் விட்டால் அது செயினில் பாதியைத் தின்றிருக்கும்.

எப்படித் தின்னும்? செயினில் எண்ணெய் இருக்கிறது. பாதையில் தூசி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உப்புத்தாளைக் கரைத்து ஊற்றியது போன்ற ஒரு கரிய பசை உண்டாகும். ஒவ்வொரு மிதிக்கும் அந்தப் பசை செயினின் முளைகளையும் பற்சக்கரங்களையும் அராவிக்கொண்டே இருக்கும். செயின் ‘நீண்டுவிட்டது’ என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகளில் ஒவ்வொன்றின் முளையும் கொஞ்சம் தேய்ந்து, அந்தத் தேய்மானமெல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. நீண்ட செயின் பின்சக்கரத்துப் பற்களைத் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். அப்புறம் செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயின் பழைய பல்லில் வழுக்கும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். முன்பக்கப் பற்சக்கரமும் போயிருந்தால் மூன்றையும் மாற்ற வேண்டும். சிறு செலவைத் தள்ளிப்போட்டால் அது பெருஞ்செலவாகத் திரும்பி வரும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த சைக்கிள் பிறந்ததே பராமரிப்போடுதான்

மலை சைக்கிள் என்ற இந்த வகை பிறந்த கதையைச் சிறுவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மாரின் என்றொரு கவுண்டி இருக்கிறது. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகில் ஒரு செங்குத்தான மண் பாதை. 1970களில் சில இளைஞர்கள் 1930, 40களில் செய்த பழைய கனமான சைக்கிள்களைத் தேடி எடுத்து, தடித்த டயர் போட்டு, அந்தப் பாதையில் இறங்கி விளையாடினார்கள். 1976 அக்டோபரில் அங்கே முறையான போட்டியே வைத்தார்கள். சுமார் 1,300 அடி இறக்கம். தூரம் சுமார் மூன்று கிலோமீட்டர்தான்.

அந்தப் பழைய சைக்கிள்களில் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே பிரேக் இருக்கும். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும். அவ்வளவு இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் ஹப் கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து வெளியே போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புதிதாக கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த முறை இறங்க முடியும். மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரீபேக்’ என்று பெயர். அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அங்கே ஓட்டிய கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்கள்தான் பின்னாளில் மலை சைக்கிளைத் தொழிலாக வளர்த்தவர்கள்.

ஓட்டி முடித்ததும் பிரேக்கைக் கவனிப்பது அவர்களுக்குக் கட்டாயமாக இருந்தது. நமக்கு நல்ல டிஸ்க் பிரேக் வந்துவிட்டது, கட்டாயம் போய்விட்டது. தேவை மட்டும் போகவில்லை.

தேவையான பொருள்கள்

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு வாளி தண்ணீர், ஒரு மக். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு. மென்மையான தூரிகை ஒன்று, பழைய பல்துலக்கி இரண்டு. திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் நமக்குப் பனியன் வேஸ்ட் துணிக்குப் பஞ்சமில்லை. ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் ஒரு சிறு பாட்டில். அது பல மாதம் வரும்.

துணியை மட்டும் மூன்றாகப் பிரித்து வையுங்கள். ஒன்று உடம்புக்கு, ஒன்று செயினுக்கு, ஒன்று பிரேக்குக்கு. செயின் துடைத்த துணி பிரேக் பக்கம் போகவே கூடாது. காரணம் பின்னால் சொல்கிறேன்.

வரிசைப்படி செய்ய வேண்டியவை

முதலில், வந்தவுடன் தண்ணீர் ஊற்றாதீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடித்து வந்திருந்தால் டிஸ்க் தகடு நன்றாகச் சூடேறியிருக்கும். தொட்டால் விரல் சுடும். குளிர்ந்த நீர் பட்டால் தகடு நெளியவும் கூடும். ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள். சின்ன வயதில் நாமெல்லாம் அப்படித்தான் கவிழ்த்துப்போட்டு ஓவராயில் செய்தோம். ஆனால் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக் உள்ள சைக்கிளைக் கவிழ்த்தால், மேலே தொட்டியில் இருக்கும் காற்று குழாய்க்குள் புகுந்து, பிரேக் பிடி பஞ்சு போல அமுங்கக்கூடும். சுவரில் சாய்த்து வைத்தோ ஸ்டாண்டில் நிறுத்தியோ வேலை செய்யுங்கள்.

மூன்றாவது, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். ஈரச் சேற்றை மக் தண்ணீர் விட்டு இளக்குங்கள். காய்ந்த சேற்றைத் தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகு துடையுங்கள். சைக்கிள் முழுவதற்கும் முக்கால் வாளி போதும். நம் ஊர்க் கரிசல் மண் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பிக்கொண்டு இறுகிவிடும். அதை அன்றே ஒரு குச்சியால் தள்ளிவிடுவது நல்லது. செம்மண் அவ்வளவு ஒட்டாது. ஆனால் பொடியாகி எல்லா இடுக்கிலும் புகும்.

கார் கழுவும் பிரஷர் கன்னை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிடும், உண்மைதான். ஆனால் அந்த அழுத்தத்தில் நீர் ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து ஆகிய இடங்களின் ரப்பர் மூடிகளைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே இருக்கும் கிரீஸை வெளுத்துவிடும். வெளியே மின்னும், உள்ளே பால்ஸ் துருப்பிடிக்கும். இரண்டு மாதம் கழித்து ‘கரகர’ என்று சத்தம் வரும்போது நமக்கு அந்த வாட்டர் வாஷ் ஞாபகத்துக்கு வராது.

நான்காவது, செயின். செயின் துணியைக் கையில் வைத்துச் செயினைச் சுற்றிப் பிடித்து, மறு கையால் பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். துணி கறுப்பாவது நிற்கும் வரை இடம் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். பிள்ளைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். செயின் பற்சக்கரத்தில் ஏறும் இடத்துக்கு விரல் போகவே கூடாது. சுற்றும் டிஸ்க் தகட்டின் ஓட்டைகளிலும் விரல் மாட்டும். பின்சக்கரப் பற்களின் இடுக்குகளைப் பல்துலக்கியால் தேயுங்கள். அதன் கீழே தொங்கும் கியர் மாற்றும் கையில் இரண்டு சின்னப் பல்சக்கரங்கள் இருக்கும். அழுக்கு அதிகம் சேர்வது அங்கேதான். பலரும் பார்க்காமல் விடுவதும் அங்கேதான்.

ஐந்தாவது, உலர்த்துதல். துணியால் துடைத்தபின் ஒரு பதினைந்து நிமிடம் காற்றில் நிற்கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கும் மாதங்களில் அதுவே துடைத்துக் கொடுத்துவிடும். ஈரச் செயின் மேல் எண்ணெய் விட்டால் எண்ணெய்க்குக் கீழே ஈரம் சிறைப்பட்டுத் துருப்பிடிக்கும்.

ஆறாவது, எண்ணெய். செயினில் ஒரு இணைப்பை அடையாளம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உருளையிலும் ஒரே ஒரு சொட்டு. ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்துங்கள். பெடலைப் பின்னோக்கி ஒரு நிமிடம் சுற்றி, சற்று நேரம் ஊறவிட்டு, சுத்தமான துணியால் வெளியே இருக்கும் எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுங்கள். ‘விட்ட எண்ணெயை எதற்குத் துடைப்பது’ என்று கேட்கலாம். எண்ணெய் வேலை செய்வது உருளைக்கும் முளைக்கும் நடுவே. வெளியே வழியும் எண்ணெய் அடுத்த ஞாயிறு தூசியைச் சேகரிக்க மட்டுமே பயன்படும்.

ஏழாவது, முன் ஃபோர்க்கில் ஷாக் உள்ள சைக்கிள் என்றால், மேலே வழவழப்பாகத் தெரியும் இரண்டு குழாய்களையும் மென்மையான ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். அங்கே மண் ஒட்டியிருந்தால் ஒவ்வொரு அமுக்கத்துக்கும் ரப்பர் மூடியை அது அறுக்கும். அங்கே செயின் எண்ணெய் விட வேண்டாம்.

பிரேக்: இதற்காகத்தான் இந்தப் பேச்சு

செயின் கெட்டால் பணம் போகும். பிரேக் கெட்டால் அப்படியல்ல.

டிஸ்க் பிரேக்கின் எதிரி எண்ணெய். தகட்டிலோ அதைப் பிடிக்கும் பட்டைகளிலோ எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் பிரேக் பிடிக்காது, பிடித்தாலும் அலறும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் எண்ணெயைச் செயினுக்கு அடிக்கும்போது பின் டிஸ்க்கிலும் சாரல் படும். அதனால்தான் சொட்டுப் பாட்டில் நல்லது என்கிறேன். பிரேக்குக்குத் தனித் துணி என்று சொன்னதும் அதற்காகத்தான். தகட்டைத் துடைக்க மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். பக்கத்தில் தீ, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. பட்டையில் எண்ணெய் ஊறிவிட்டால் பெரும்பாலும் மாற்றுவதே வழி.

அடுத்தது பட்டையின் கனம். டார்ச் அடித்து, தகட்டைப் பிடிக்கும் பெட்டிக்குள் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் கரிய உராய்வுப் பகுதி தெரியும். அது அரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும் என்பது பெரிய தயாரிப்பாளர்களே சொல்லும் கணக்கு. ஒரு மில்லிமீட்டர் வரும்போதே புதிது வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். டிஸ்க் இல்லாத சைக்கிள் என்றால், ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டையில் கோடுகள் இருக்கும். அவை மறைந்துவிட்டால் கட்டையின் ஆயுள் முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் குழுவில் நடந்த ஒன்று. கோத்தகிரி வரை வேனில் போய், அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை சைக்கிளில் இறங்குவது என்று ஒரு திட்டம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர். முப்பது கிலோமீட்டருக்கு மேல் கிட்டத்தட்ட முழுவதும் இறக்கம், வளைவுகள், பின்னால் பேருந்துகள். முந்தின நாள் மாலை எல்லோரும் வாகன நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சைக்கிளைத் துடைத்தோம். குழுவில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன். அவன் அப்பா, “சர்வீஸ் விட்டு ஒரு மாசம்தானுங்க ஆச்சு, அதெல்லாம் ஒண்ணும் பாக்க வேண்டாம்” என்றார். பையன் கேட்கவில்லை. மற்றவர்கள் செய்கிறார்களே என்று அவனும் துடைத்தான். பின் டிஸ்க்கைத் துடைக்கும்போது, “அங்கிள், இதுல ஏன் கோடு கோடா இருக்கு?” என்று கேட்டான்.

தகட்டில் வட்ட வட்டமாகக் கீறல். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பக்கப் பட்டையில் உராய்வுப் பகுதி முழுவதும் போய், இரும்பு இரும்போடு உரசிக்கொண்டிருந்தது. அவன் தினமும் பள்ளிக்கும் டியூஷனுக்கும் அதே சைக்கிளில்தான் போய் வந்தான். சமதளத்தில் அது பிடித்தது. அதனால் யாருக்கும் தெரியவில்லை. அவன் அப்பா ஒன்றும் பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய், கடை மூடுவதற்குள் புதுப் பட்டைகள் வாங்கி வந்தார். போட்டதும், நம் சுற்றுச் சாலையிலேயே பையனை மிதமான வேகத்தில் ஓட்டிச் சீராகப் பிடிக்கச் சொல்லி, இருபது தடவை பழக்கினோம். புதுப் பட்டை தகட்டோடு படிந்தால்தான் முழு பலத்தோடு பிடிக்கும். மறுநாள் எல்லோரும் பத்திரமாக இறங்கினோம்.

ஒரு மாதத்துக்கு முன் சர்வீஸ் செய்த கடைக்காரர் மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை. அன்று பட்டை சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் தினமும் ஓடும் சைக்கிளைத் தினமும் பார்ப்பது நாம்தான். துடைக்கிற கைதான் கீறலைக் கண்டுபிடிக்கும். சுத்தம் செய்வதால் கிடைக்கும் பெரிய லாபம் பளபளப்பு அல்ல. சைக்கிளின் ஒவ்வொரு அங்குலத்தையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுகிறோம் என்பதுதான்.

துடைக்கும்போதே பார்த்துவிட வேண்டியவை

டயர்: சக்கரத்தை மெதுவாகச் சுற்றி முள்ளைத் தேடுங்கள். அடிவாரப் பாதையில் நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் தாராளம். இன்று டயரில் குத்தி நிற்கும் முள், நாளை காற்றழுத்தத்தில் உள்ளே இறங்கும். காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதைத் தாண்ட வேண்டாம்.

ஸ்போக்ஸ் கம்பிகள்: இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்துங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் ரிம் கோட்டம் விழப்போகிறது என்று பொருள்.

ஹேண்டில் கழுத்து: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று ஆடினால் முறுக்க வேண்டும்.

சக்கர அச்சு: கையால் திறந்து மூடும் பிடி உள்ள சக்கரம் என்றால், அது இறுக மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். வேனிலிருந்து இறக்கி மாட்டிய பிறகு கட்டாயம் பாருங்கள்.

கடைசியாக, சைக்கிளை ஒரு சாண் உயரம் தூக்கி, நேராகக் கீழே விடுங்கள். டயர் சத்தம் மட்டும் கேட்க வேண்டும். வேறு எங்காவது ‘கலகல’ என்றால் எதுவோ தளர்ந்திருக்கிறது.

மாதம் ஒரு முறை செயினை அளக்கவும். தச்சர் வைத்திருக்கும் ஸ்டீல் டேப் போதும். டேப்பின் முனைக் கொக்கி ஆடும் என்பதால், 1 அங்குலக் கோட்டை ஒரு முளையின் நடுவில் வையுங்கள். அங்கிருந்து 24ஆவது முளையின் நடு, 13 அங்குலக் கோட்டில் சரியாக நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். மூன்று மில்லிமீட்டர் போயிருந்தால் பற்சக்கரத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

கேட்கப்பட்ட சில கேள்விகள்

*டபிள்யூ.டி.-40 அடித்தால் போதாதா சார்?*

சாதாரணமாகக் கிடைக்கும் அந்த நீல மஞ்சள் டப்பா முக்கியமாக ஈரத்தை விரட்டவும், துருப்பிடித்த நட்டை இளக்கவும் உதவுவது. பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகளே ஆங்கிலத்தில் ‘நீரை அகற்றுவது’ என்ற பொருள் உடையவை. அதில் செயினைச் சுத்தம் செய்யலாம். ஆனால் அதையே எண்ணெய்யாக வைத்து நீண்ட தூரம் ஓட்ட முடியாது. துடைத்துவிட்டுச் செயின் எண்ணெய் விடுங்கள். டிஸ்க் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

*தேங்காய் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில்?*

தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடும். பழைய இன்ஜின் ஆயிலில் ஏற்கெனவே உலோகத் துகள் இருக்கும். இரண்டும் வேண்டாம். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. சீக்கிரம் போய்விடும், அவ்வளவுதான்.

*மண்ணெண்ணெயில் செயினை ஊறவைக்கலாமா அங்கிள்?*

கடைகளில் செய்கிறார்கள். நம் வாகன நிறுத்துமிடத்தில் வேண்டாம். பக்கத்தில் பெட்ரோல் வண்டிகள் நிற்கின்றன. வடிகால் நேராக மழைநீர்த் தொட்டிக்குப் போகிறது. சோப்புத் திரவமும் பல்துலக்கியும் போதும்.

*மழைக்காலத்தில் வாரம் முழுவதும் நனைகிறதே?*

ஐப்பசி மழையில் தினமும் கழுவ வேண்டியதில்லை. செயினை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் விட்டு, மிகுதியைத் துடையுங்கள். மூன்று நிமிட வேலை. ஈரச் சைக்கிள் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளேயே வியர்க்கும்.

*இதெல்லாம் கியர் சைக்கிளுக்கு மட்டும்தானா?*

இல்லை. இதைக் கேட்டவர் நம் பாதுகாவலர் ஒருவர். அவர் தினமும் வேலைக்கு வருவது சாதாரண சைக்கிளில். செயின், பிரேக் கட்டை, டயர் எல்லாம் அதற்கும் ஒன்றுதான். சொல்லப்போனால் பிழைப்புக்காகத் தினமும் மிதிக்கிறவருக்குத்தான் இது அதிகம் தேவை.

ஒரு வேண்டுகோள்

நம்மில் பலருக்கு ஆயுத பூஜை அன்றுதான் சைக்கிளைத் துடைக்கும் வழக்கம். சந்தனமும் குங்குமமும் வைத்து மரியாதை செய்கிறோம், நல்லதுதான். அந்த மரியாதையில் கொஞ்சத்தை ஒவ்வொரு ஞாயிறுக்கும் பிரித்துக் கொடுக்கலாம்.

கேட்பாரற்று நிற்கும் சைக்கிள்களை அடுத்த காலாண்டில் அப்புறப்படுத்துவது பற்றிச் செயற்குழு பேசிவருகிறது. இடப் பற்றாக்குறை எனக்கும் புரிகிறது. ஆனால் எடைக்குப் போடுவதற்கு முன் உரியவர்கள் ஒரு முறை இறங்கி வந்து பாருங்கள். செயினும் பிரேக் பட்டையும் மாற்றி, டியூப் போட்டால் அவற்றில் பாதிக்கு மேல் ஓடும் என்று நினைக்கிறேன். உங்கள் பிள்ளை வளர்ந்து அது சின்னதாகிவிட்டது என்றால், சரிசெய்து நம் பணியாளர்களின் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் பிரேக் பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஞாயிறுதோறும் காலை எட்டரை மணிக்கு, சவாரி முடிந்து, ‘பி’ பிளாக் பின்புறக் குழாயடியில் நாங்கள் சிலர் இருப்போம். டேப், டார்ச், எண்ணெய், பனியன் துணி எல்லாம் இருக்கும். கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளை அனுப்புங்கள், பெரியவர்களும் வாருங்கள். ஓட்டுகிற சைக்கிளாக இருந்தாலும், ஓட்டாமல் நிற்பதாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். வாளி மட்டும் அவரவர் வீட்டிலிருந்து.